தாய்நலமும் திட்ட விண்ணப்பமும்

பணம் கேட்டு எழுதுவதும் ஒரு படிப்பா என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். பொதுச் சுகாதாரம் பயிலும் மாணவருக்கு இன்று அதுவும் ஒரு பாடமே. ஓசூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் பயிற்சி பெற்ற காலத்தில், பேறுகால நலத் திட்டங்களுக்கு நிதி கோரும் விண்ணப்பங்களை எழுதும் பணி எனக்கு வாய்த்தது. 'புரொபோசல்' என்று யாவரும் சொல்லும் அந்தத் தாள்களில் எதை உறுதி கூறலாம், எதைக் கூறலாகாது என்பதையே ஈண்டு விளக்க முயல்கிறேன்.

முதலில், பணம் எங்கிருந்து வருகிறது? 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த கம்பெனிகள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தாம் இயங்கும் வட்டாரத்திற்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. சிப்காட் வந்த நாள் முதல் ஆலைகள் பெருகி நிற்கும் ஓசூருக்கு இது நல்வாய்ப்பு. ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. கம்பெனி தன் ஊழியர்களுக்கென்று செய்யும் செலவு இக்கணக்கில் சேராது. ஆலைக்குள் பணிபுரியும் கர்ப்பிணிக்கு இ.எஸ்.ஐ. உண்டு, 2017 முதல் முதலிரு பேறுகளுக்கு 26 வார ஊதிய விடுப்பும் உண்டு. விண்ணப்பம் எழுதுபவர் பார்க்க வேண்டியது ஆலைச் சுவருக்கு வெளியே.

அடுத்து வருவது 'இலக்கு' என்னும் பகுதி. இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். "எங்கள் ஒன்றியத்தில் ஓராண்டில் தாய் இறப்பு விகிதத்தைப் பாதியாகக் குறைப்போம்" என்று எழுதுவது கேட்க இனிமையாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கருவுற்ற காலத்திலோ, பேறு முடிந்த 42 நாட்களுக்குள்ளோ, கருப்பத்தோடு தொடர்புடைய காரணத்தால் நேரும் மரணமே தாய் இறப்பு. ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு எத்தனை என்று அதை எண்ணுகிறார்கள். 2018-20ஆம் ஆண்டுகளின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. ஓர் ஒன்றியத்தில் ஆண்டுக்கு 3,000 பிறப்புகள் என்று வைத்துக்கொள்வோம். அந்த விகிதப்படி அங்கே எதிர்பார்க்கத்தக்க மரணம் ஆண்டுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல், அவ்வளவே! எவரும் எதுவும் செய்யாவிட்டாலும், ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஓராண்டு அங்கே ஒரு மரணமும் நிகழாதிருக்கும் என்கிறது நிகழ்தகவுக் கணக்கு. அவ்வாண்டின் புகழைத் திட்டம் அள்ளிக்கொள்ளும். மறு ஆண்டு மூன்று தாய்மார் இறந்தால் பழியையும் அதுவே சுமக்கும். இரண்டும் உண்மையல்ல.

இன்னொரு தேய்ந்த வாசகம், "மருத்துவமனைப் பிரசவங்களை அதிகரிப்போம்" என்பது. வேறு மாநிலங்களுக்கு எழுதியதைப் பார்த்து எழுதியவர்களுடைய வாசகம் இது. 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நடந்தவை. அதே கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளுள் 48.3 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. திடமான பெண் தாங்கிக்கொள்ளும் இரத்தப்போக்கு, சோகையுற்ற பெண்ணின் உயிரைப் பறிக்கும். எனவே உறுதி கூறத்தக்கவை வேறு: 12 வாரங்களுக்குள் எத்தனை பேரைப் பதிவு செய்தோம், ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இருந்தவருள் எத்தனை பேருக்கு ஊசிவழி இரும்புச் சத்தோ இரத்தமோ கிடைத்தது, ஓரிடத்தில் 'மேலே கொண்டு போங்கள்' என்று சொன்ன பின் அடுத்த மருத்துவமனையைச் சேர எத்தனை மணி நேரம் ஆயிற்று. இவற்றை எண்ணலாம், மாதந்தோறும் சரிபார்க்கலாம்.

அந்த நேரக் கணக்குக்கு ஓர் அடிப்படை உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாடியஸ், மெய்ன் என்னும் இருவர், தாய் இறப்புக்கு மூன்று தாமதங்களே காரணம் என்று 1994இல் எழுதினர். போகலாமா என்று வீட்டார் முடிவெடுக்கும் தாமதம், வழியில் நேரும் தாமதம், போய்ச் சேர்ந்த இடத்தில் சிகிச்சை கிடைக்கும் தாமதம். அஞ்செட்டி மலைச்சிற்றூர்களை நினைத்தால் இது உடனே விளங்கும். தேன்கனிக்கோட்டை செல்லும் சாலை காட்டு வழியே போகிறது. இரவில் யானை குறுக்கிடும். அங்கிருந்து ஓசூர், அங்கும் இயலாதெனில் கிருஷ்ணகிரியில் 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி. கொடையாளர் பெரும்பாலும் ஆம்புலன்ஸ் வாங்கித் தரவே விரும்புவர். அதில்தானே பெயர் எழுதலாம்! 108 வண்டிகளோ தமிழ்நாட்டில் 2008 முதலே ஓடுகின்றன. பேறு நாளுக்கு ஒரு வாரம் முன்பே தாயைக் கீழே அழைத்து வந்து தங்கவைக்க ஓர் அறையும் இருவேளைச் சோறும் கேட்பது மேல்.

இனி, இவ்வெல்லைக்கே உரிய சிக்கல். தலைப்பேறு தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஓசூர், தளிப் பக்கத்து மருமகள்கள் பலருக்குத் தாய்வீடு ஆனேக்கல்லிலும் மாலூரிலும். வளையல் அணிந்து ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ புறப்பட்டுவிடுவார்கள். இங்கே அவருக்குத் தமிழ்நாட்டின் 'பிக்மி' எண். அங்கே கருநாடகத்தின் 'தாயி கார்டு'. கிராம சுகாதார செவிலியரின் ஏட்டில் 'வெளியூர் சென்றார்' என்பதோடு அவர் கதை நின்றுவிடும். மறுபுறம், ஆலை வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கணவனோடு வந்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் பெண், ஆறாம் மாதத்தில் எந்தச் சீட்டும் இல்லாமல் வந்து நிற்பார். 12 வாரப் பதிவுக் கணக்கில் இவரைச் சேர்த்தால் திட்டத்துக்குத் தோல்வி. சேர்க்காவிட்டால் மிகவும் தேவைப்பட்டவர் விடுபட்டுப் போவார். இருவரையும் தனித்தனி வரிசையில் காட்டுவதே முறை என்பது என் துணிபு.

எல்லை தாண்டியவரை 42 நாள் வரை பின்தொடர வேண்டியவை மிகச் சில: தெலுங்கும் கன்னடமும் பேசத் தெரிந்த ஒரு பெண் பணியாளர், ஒரு கைப்பேசி, அத்திப்பள்ளிக்கும் ஆனேக்கல்லுக்கும் பேருந்துக் கட்டணம். வரவு செலவுத் திட்டத்தில் இது ஒரே ஒரு வரி. 'இதர செலவுகள்' என்ற தலைப்பில் இதைப் போட்டால் கொடையாளர் முதலில் வெட்டுவது இதைத்தான். 'பேற்றுக்குப் பின் கண்காணிப்பு' என்று தனித் தலைப்பிட்டு, ஒரு தாய்க்கு இத்தனை ரூபாய் என்று வகுத்துக் காட்டினால் பெரும்பாலும் நிற்கும்.