சட்னிக் குழியும் ஆசாரியின் கட்டைவிரலும்

சில உணவகங்களில் பலகாரத்தை மரப்பலகையில் வைத்துத் தருகிறார்கள். சட்னிக் கிண்ணம் நழுவாமலிருக்க அதில் வட்டமாக ஒரு குழி. உளியால் குடைந்தால் நேரம் பிடிக்கும் அந்தக் குழியை ரூட்டர் மெஷின் சில நிமிடத்தில் எடுத்துவிடும். விரல் போக ஒரு நொடி போதும்.

ரூட்டரின் வெட்டுமுனையான பிட் நிமிடத்துக்கு 10,000 முதல் 30,000 முறை வரை சுற்றும். மேலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில். குழியின் உட்சுவரை ஒட்டி மெஷினையும் அதே திசையில் நகர்த்தினால், பிட் மரத்தை எதிர்த்துச் சீராக வெட்டும். மாற்றித் தள்ளினால் பிட் மரத்தைப் பற்றிக்கொண்டு ஓடும், மெஷின் கையை மீறிப் பாயும். பலகையின் வெளிவிளிம்பைச் சீவும்போது இந்தக் கணக்கு நேர் தலைகீழ். இரண்டையும் மாறிமாறிச் செய்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு.

இதைவிட ஆபத்து, பலகை சின்னதாக இருப்பது. ஒரு கையால் அதைப் பிடித்து, மறுகையால் மெஷினை ஓட்டுவதை எந்தப் பட்டறையிலும் அனுமதிக்கக் கூடாது. பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, மேலே அகலமான அச்சுப்பலகை வைத்து, ஒரு தடவைக்கு 3 மி.மீ. அளவில் படிப்படியாக இறக்க வேண்டும். பிட் மாற்றுமுன் பிளக்கைப் பிடுங்க வேண்டும். கையுறை வேண்டாம், சுழலும் பிட் அதைக் கையோடு சேர்த்து இழுக்கும். கண்ணாடியும் காதடைப்பும் முகக்கவசமும் அவசியம். மரத்தூள் மூக்கிலும் அதைச் சுற்றிய எலும்புக் குழிகளிலும் புற்றுநோய் உண்டாக்கும்.

விரல் துண்டானால் காயத்தை அழுத்திக் கட்டி 108-ஐ அழையுங்கள். துண்டை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டிமேல் வையுங்கள். விரல்மேல் பனிக்கட்டி நேராகப் படக்கூடாது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்குத் தனித்துறையே உண்டு.

வேலையில் அடிபட்டால் கிடைக்கும் இழப்பீடு முதலாளியின் கருணையன்று. 1923-லேயே சட்டமான உரிமை அது. இப்போது 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. மின்சார இயந்திரம் வைத்துப் பொருள் செய்யும் பட்டறையில் இரண்டே பேர் இருந்தாலும், தினக்கூலியானாலும் பொருந்தும். ஈ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு அந்தத் திட்டம் வழியே கிடைக்கும். சட்டத்தின் அட்டவணை, கட்டைவிரல் இழப்பைச் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பாகக் கணக்கிடுகிறது. குடித்துவிட்டு வேலை செய்தது, பாதுகாப்புக் கவசத்தை வேண்டுமென்றே கழற்றியது போன்ற சில காரணங்களைச் சொல்லித்தான் முதலாளி மறுக்க முடியும். "நீ கவனமா இருந்திருக்கணும்" என்பது அதில் சேராது.

விபத்து நடந்த 2 ஆண்டுக்குள் தொழிலாளர் துறையில் மனு கொடுக்க வேண்டும். வழக்கறிஞருக்குப் பணமில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். உதவி எண் 15100.

மருத்துவமனையில் முதல் சீட்டு எழுதும்போதே, எந்தப் பட்டறையில், எந்த மெஷினில் அடிபட்டது என்று சொல்லிப் பதியச் சொல்லுங்கள். வீட்டுக் கதவில் நசுங்கியது என்று யார் சொல்லச் சொன்னாலும் சொல்லாதீர்கள். அந்தச் சீட்டுத்தான் பின்னால் உங்களுக்குச் சாட்சி.