மலையேறும் வண்டியும் இறங்கிவர வேண்டிய குப்பையும்

மனிதன் செல்லுமிடமெல்லாம் அவன் நிழலும் உடன் செல்லும் என்பர். இக்காலத்தில் நிழலோடு குப்பையும் உடன் செல்கிறது. நிழல் அவனோடு திரும்பி வந்துவிடும். குப்பையோ போன இடத்திலேயே தங்கிவிடும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

வீட்டில் இருக்கும்போது நாம் குப்பையைப் பற்றி அதிகம் எண்ணுவதில்லை. காலையில் தூய்மைப் பணியாளர் தெருவுக்கு வருகிறார், வாளியைக் கவிழ்க்கிறோம், அத்துடன் மறந்துவிடுகிறோம். ஆனால் வண்டியில் சமையல் சாமான்களை ஏற்றிக்கொண்டு இரண்டு மூன்று நாள் மலையில் தங்கப் புறப்பட்டால், அந்தப் பணியாளர் நம்முடன் வருவதில்லை. அங்கே நாமே குடும்பம், நாமே நகராட்சி. ஜவ்வாது மலையில் அவ்வாறு தங்குவோர் தம் குப்பையை எவ்வாறு கையாளலாம் என்பதை, என் உறவினரோடு நான் சென்றிருந்தபோது நாங்கள் கடைப்பிடித்த முறையைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையும் ஆறும்

கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதி ஜவ்வாது மலை. போளூரிலிருந்து மேலேறினால் ஒன்றியத் தலைமையிடமான ஜமுனாமரத்தூரை அடையலாம். ஆலங்காயம் வழியாக வருவோர் காவலூர் வானாய்வகத்தைக் கடந்து வருவர். கோமுட்டேரியில் படகு விடவும், பீமன் அருவியில் குளிக்கவும், கோடையில் குளிர்காற்று வாங்கவும் சமவெளி மக்கள் திரளாகச் செல்கின்றனர். அம்மலையில் வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடியினர். சாமை விதைத்தும், ஆடு மாடு வளர்த்தும், காட்டுப் பொருள்களைச் சேகரித்தும் வாழ்பவர்கள்.

எனக்கு இம்மலையின்மீது தனிப்பட்ட உரிமை ஒன்றுண்டு. எங்கள் ஊர் செய்யாற்றங்கரையில் உள்ளது. செய்யாறு பிறப்பது ஜவ்வாது மலையில். செங்கம், கலசபாக்கம் எனப் பல ஊர்களைத் தொட்டு, திருவத்திபுரத்தைக் கடந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. மலைபடுகடாம் என்னும் பத்துப்பாட்டு நூல் இவ்வாற்றைச் சேயாறு என்று குறிக்கிறது. அந்நூலில் செங்கண்மாத்து நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு வழிநெடுக மலைவாழ் மக்கள் விருந்திட்டனர். உண்டவர் விட்டுச் சென்றவை இலையும் எலும்புமாகவே இருந்திருக்கும். மண் அவற்றை ஏற்றுக்கொண்டது.

இன்று நாம் விட்டு வருபவற்றை மண் ஏற்பதில்லை. மேலே ஓடையோரத்தில் கிடக்கும் நெகிழிப் பையை ஐப்பசி, கார்த்திகை மழை அடித்துக்கொண்டு வருகிறது. அது கால்வாய் மதகில் அடைக்கிறது, ஏரிக்கரையில் ஒதுங்குகிறது. மலையில் போட்ட குப்பை மலையோடு போயிற்று என்று எண்ணுவது, மாடியில் ஊற்றிய நீர் கீழ்வீட்டுக்கு ஒழுகாது என்று எண்ணுவதைப் போன்றது. நாங்கள் கீழ்வீட்டுக்காரர்கள்.

வீட்டு வண்டியும் வேன் பயணமும்

மேலை நாடுகளில் கேரவன் எனப்படும் வீட்டு வண்டிகளில் குடும்பத்தோடு ஊர் ஊராகச் சென்று தங்குவது நெடுநாள் வழக்கம். அவ்வண்டியில் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. பாத்திரம் கழுவிய நீருக்கு ஒரு தொட்டி, மலக்கழிவுக்கு வேறொரு தொட்டி என இரண்டு இருக்கும். நிறைந்ததும் அதற்கென அமைந்த நிலையத்தில் மட்டுமே அவற்றைத் திறந்துவிட வேண்டும். கேரள அரசும் 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

நம்மவர் வழக்கம் இன்னும் எளியது. வாடகைக்கு ஒரு வேன், பின்னால் ஒரு காஸ் அடுப்பு, அரிசி மூட்டை, ஜமக்காளம், தண்ணீர்க் கேன்கள். வண்டியின் பெயர் எதுவாயினும் கேள்வி ஒன்றே: உள்ளே உண்டாகும் கழிவு எங்கே போகும்?

அளவையும் கணக்கிட்டுப் பார்ப்போம். நம் நாட்டு நகரங்களில் ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 முதல் 600 கிராம் வரை குப்பை உண்டாக்குவதாகக் கணக்கிடுவர். ஐந்து பேர் மூன்று நாள் தங்கினால் 3 முதல் 9 கிலோ. ஓர் அரிசிப் பையில் அடங்கும் எடை இது. ஏற்றிச் சென்ற வண்டிக்கு இறக்கி வருவதும் சுமையன்று. ஆனால் கோடை விடுமுறையில் வரும் நூறு வண்டிகளின் பைகளையும் சுமப்பது மலைக்கிராம ஊராட்சிக்குப் பெருஞ்சுமை.

புறப்படுமுன்

குப்பையில் பாதியை வீட்டு வாசலிலேயே குறைத்துவிடலாம். இதுவே முதற்பாடம்.

எண்ணெய், பருப்பு, மசாலாத்தூள் ஆகியவற்றை உறையோடு எடுத்துச் செல்லாமல் எவர்சில்வர் டப்பாக்களில் மாற்றிக் கொண்டோம். காய்கறிகளில் வெங்காயம், பூண்டு ஆகியவற்றை வீட்டிலேயே உரித்து, கீரையை ஆய்ந்து எடுத்துச் சென்றோம். அவற்றின் தோலும் தண்டும் எங்கள் வீட்டு எருக்குழிக்கே போயின. சிறு தண்ணீர்ப் புட்டிகளுக்குப் பதிலாக 20 லிட்டர்க் கேன்கள் இரண்டு, ஆளுக்கொரு செம்பு. காகிதத் தட்டுகளை விடுத்து ஆளுக்கொரு தட்டு எடுத்துக்கொண்டோம். காகிதக் குவளையின் உட்புறத்திலும் மெல்லிய நெகிழிப் பூச்சு உண்டு என்பதைப் பலர் அறியார். பிள்ளைகளுக்கான நொறுக்குத் தீனியைப் பெரியம்மா முறுக்காகவும் அதிரசமாகவும் சுட்டு, தூக்குச் சட்டியில் நிரப்பிவிட்டார்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பைகள், தட்டுகள், குவளைகள், உறிஞ்சுகுழல்கள், தண்ணீர்ப் பாக்கெட்டுகள் உள்ளிட்ட 14 வகைப் பொருள்கள் தடைசெய்யப்பட்டன. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கப்பட்டது. ஆகவே இவற்றைத் தவிர்ப்பது சட்டத்துக்கு உட்பட்டு நடப்பதுமாகும்.

வண்டிக்குள் நான்கு இடங்கள்

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை மக்குவது, மக்காதது, வீட்டில் உண்டாகும் இடர்க்கழிவு என மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. வண்டிக்கென நாங்கள் நான்காக வைத்துக் கொண்டோம்.

முதலாவது, மூடியுள்ள 20 லிட்டர்ப் பெயிண்ட் வாளி. காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, முட்டையோடு, எஞ்சிய உணவு ஆகியவை இதில். மக்கும் குப்பை நாறுவதற்குக் காரணம் ஈரமும் காற்றின்மையும். எனவே நீரை வடித்துவிட்டுப் போட்டு, ஒவ்வொரு முறையும் மேலே ஒரு கை மரத்தூளைத் தூவினோம். தச்சுப்பட்டறையில் கேட்டால் தருவார்கள். தேங்காய் நார்க்கழிவும் ஏற்றது. மூன்று நாளிலும் வண்டிக்குள் நாற்றம் எழவில்லை.

இரண்டாவது, ஒரு சாக்குப்பை. பால் உறை, புட்டி, காகிதம், அட்டை, தகரம் ஆகியவை இதில். பால் உறையை அலசிக் காயவைத்துப் போட வேண்டும். அலசாத உறை ஓரிரவில் நாறி, எறும்பையும் ஈயையும் அழைத்துவிடும்.

மூன்றாவது, காதைக் கட்டக்கூடிய ஒரு பை. குழந்தைகளின் டயாப்பர், மாதவிடாய் நாப்கின் ஆகியவற்றைச் செய்தித்தாளில் நன்கு சுற்றி இதில் இட்டோம். இவற்றைக் காட்டில் எறிவதும் ஓடையில் விடுவதும் மிகக் கொடியது. இவற்றின் உள்ளே இருக்கும், நீரை உறிஞ்சும் செயற்கைப் பொருள் எளிதில் மக்குவதில்லை.

நான்காவது, ஒரு சிறு டப்பா. டார்ச் பேட்டரி, காலாவதியான மாத்திரை, உடைந்த கண்ணாடி, பிளேடு ஆகியவற்றுக்கு.

இரவில் நான்கையும் வண்டிக்குள் வைத்துக் கதவை அடைத்துவிட வேண்டும். வெளியே வைத்தால் காட்டுப்பன்றியும் நாயும் கிளறும். விடிந்ததும் குரங்கு வரும். கரடி நடமாடும் காடு அது என்பதையும் மறக்கலாகாது. மனிதர் உணவின் சுவை கண்ட விலங்கு மனிதர் இருக்குமிடத்தைத் தேடி வரும். அதன் தொல்லை நமக்குப் பின் அங்கே வாழும் மக்களுக்கே.

செய்யத்தகாத மூன்று

எரித்தல்: “ஒரு தீக்குச்சி போதுமே” என்பார் பலர். நெகிழியைத் திறந்தவெளியில் குறைந்த வெப்பத்தில் எரித்தால் டையாக்சின் போன்ற நச்சுகள் உண்டாகின்றன. மேலும் மாசி முதல் வைகாசி வரை அக்காட்டில் இலையுதிர்ந்து சருகு மண்டியிருக்கும். ஒரு பொறி பறந்தால் காடே பற்றும்.

புதைத்தல்: மலைச்சரிவில் மேல்மண் ஆழம் குறைவு. மோந்து பார்க்கும் விலங்கு தோண்டிவிடும். தப்பியதை மழை அரித்து வெளிக்கொணரும். புதைத்த கண்ணாடித் துண்டு சாமை விதைப்பவரின் வெறுங்காலில் ஏறும்.

எறிதல்: “மக்கும் பொருள்தானே, காட்டில் எறிந்தால் உரமாகுமே” என்பது நியாயமாகத் தோன்றும் வாதம். ஒருவர் எறிந்தால் உரம். நூறு பேர் எறிந்தால் குப்பைமேடு. சாலையோரத்தில் எறிந்த பழத்தோல் குரங்கைச் சாலைக்கு இழுக்கிறது. வண்டியில் அடிபட்டு அது சாகிறது.

மக்குவதை மாட்டுக்குக் கொடுக்கலாமா என்ற எண்ணம் எங்களுக்கும் எழுந்தது. அருகில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டியிடம், “அம்மா, சோறு மிஞ்சியிருக்கிறது, மாட்டுக்கு வைக்கலாமா?” என்று கேட்டேன். “சோறு வேணாம் தம்பி, வயிறு உப்பிக்கும். பூசணித் தோலு இருந்தாக் குடு. பையில கட்டி மட்டும் போடாத, பையோட தின்னுபுடும்” என்றார். கால்நடை மருத்துவம் சொல்வதும் இதுவே. சோறு மிகுதியாகச் சென்றால் மாட்டின் முதல் இரைப்பையில் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். நெகிழிப்பை அவ்விரைப்பையில் தங்கி அடைத்துக்கொள்ளும். அங்குள்ள ஒரு குடும்பத்துக்கு மாடுதான் சேமிப்பு. மாடு போனால் விதைப்பும் போகும். நாம் உதறிவிட்டு வந்த ஒரு பை அங்கே எத்தனை பெரிய இழப்பாகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கழிவுநீரும் பிறவும்

ஓடையில் இறங்கிப் பாத்திரம் கழுவுதல் கூடாது. நீரை வாளியில் மொண்டு வந்து, ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிக் கழுவ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைச் செய்தித்தாளால் துடைத்தபின் சிகைக்காய்த் தூளால் தேய்த்தால் சோப்பு தேவையில்லை. கழுவிய நீரைத் துணியில் வடிகட்டி, பருக்கைகளை வாளியில் சேர்த்து, நீரை அகலப் பரவலாக மண்ணில் தெளித்துவிடலாம்.

கழிப்பறை உள்ள இடத்தில் தங்குவதே நன்று. இல்லையேல் நீர்நிலையிலிருந்து அதே 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி, பின்பு மண்ணால் மூட வேண்டும். ஒரு சிறு களைக்கொட்டு வண்டியில் இருந்தால் போதும். பிறர் குடிநீரைக் காப்பதைச் சொல்வதற்கு நாம் வெட்கப்படத் தேவையில்லை.

இறங்கிய பின்

மலையடிவாரத்தில் முதலில் கண்ணில் படும் தொட்டியில் கொட்டிவிடுவது பொறுப்பைத் தட்டிக் கழிப்பதாகும். வாளியை வீட்டுக்கே கொண்டுவந்து எருக்குழியில் கவிழ்த்தோம். சாக்குப்பையில் இருந்தவற்றில் விலைபோவன பழைய பொருள் வணிகரிடம் சென்றன. மற்றவற்றைப் பிரித்தபடியே தூய்மைப் பணியாளரிடம் கொடுத்தோம். வண்டியை ஓட்டி வந்த அண்ணன், “இதுவரைக்கும் இந்த வண்டியில குப்பை ஏறி வந்ததில்ல” என்று சிரித்தார். அடுத்த பயணத்துக்கு அந்த வாளியைத் தமக்குத் தரும்படி கேட்டு வாங்கிக் கொண்டார்.

உலகம் கற்ற பாடம்

எவரெஸ்ட் மலையிலும் இதே இடர்தான். ஏறுவோர் ஒவ்வொருவரும் 8 கிலோ குப்பையைக் கீழே கொண்டுவர வேண்டும் என்று நேபாள அரசு 2014இல் விதித்தது. 4,000 டாலர் வைப்புத்தொகையும் இருந்தது. அப்படியிருந்தும் மேல் முகாம்களில் குப்பை தேங்கியே கிடந்தது. நம் நீலகிரி மாவட்டத்தில் 2022 மே மாதம், மதுப்புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப்புட்டியைத் திருப்பித் தந்தால் அத்தொகையைத் தரும் முறை வந்தது. காட்டில் உடைத்தெறியும் புட்டிகள் யானையின் பாதத்தைக் கிழித்ததே அதற்குக் காரணம். சட்டமும் காசும் ஓரளவு உதவும். ஆனால் ஆளில்லாக் காட்டில் நம்மைக் கண்காணிக்க நம் மனமே உண்டு.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது பழமொழி. மலைக்குச் செல்லும் நாம் மூன்று நாள் விருந்தினர். நாம் விட்டுவரும் நெகிழியோ நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அங்கே கிடக்கும். மலையாளி மக்கள் நம்மை அழைக்கவில்லை. ஆயினும் இடம் கொடுக்கின்றனர். மாணவ நண்பர்களே, அடுத்த விடுமுறையில் ஜவ்வாது மலைக்கு வண்டி பிடிக்கும்போது, முதலில் ஏற்றவேண்டிய பொருள் மூடியுள்ள ஒரு காலி வாளி. அது நிறைந்து இறங்கட்டும். செய்யாறு தெளிந்து இறங்கட்டும்.