மூன்றரைக் கிலோ பூனையின் வருடக் கணக்கு

கருத்தடை செய்து வீட்டோடு கிடக்கும் மூன்றரைக் கிலோ நாட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 174 கிலோ கலோரி. மதில் மதிலாகத் திரியும் பூனைக்கு 231. ஐரோப்பியச் செல்லப்பிராணித் தீனித் தொழில் கூட்டமைப்பின் வழிகாட்டியில் உள்ள சூத்திரத்தில் போட்டால் வரும் எண்கள் இவை. எடையை 0.67 அடுக்குக்கு உயர்த்தி, வீட்டுப் பூனைக்கு 75ஆல், ஓடியாடும் பூனைக்கு 100ஆல் பெருக்க வேண்டும். நாள் முழுக்கத் தூங்கும் பூனைக்கு இந்தப் பெருக்கெண் 52 வரைகூட இறங்கும். ஆகவே 174 என்பது தொடங்கும் இடம்தான். ஏறக்குறைய மூன்று இட்லிக்கு உள்ள சத்து அது. இவ்வளவு சிறிய கணக்கில் ஒரு கைப்பிடி கூடினாலும் குறைந்தாலும் பெரிய பிழை.

திருத்தணியில் இந்த 174 எப்படி நிரம்புகிறது என்று பார்ப்போம். மீனோ கருவாடோ சமைக்கும் வீடுகளில் பூனையின் பங்குக்குக் குறை இருக்காது. மலைக்கோயிலுக்குக் கீழே இருக்கும் ஊர் என்பதால் அசைவம் ஏறாத நாட்கள் இங்கே அதிகம். செவ்வாயும் வெள்ளியும் கவிச்சி கூடாது என்று இருக்கும் வீட்டில் வருடத்துக்கு 104 நாள் போய்விடும். கிருத்திகை 27 நாளுக்கு ஒருமுறை வருவதால் வருடத்துக்கு 13. செவ்வாய், வெள்ளியில் விழுபவற்றைக் கழித்தால் புதிதாக 9. ஆந்திர எல்லைப் பக்கம் புரட்டாசியையும் கடைப்பிடிக்கும் வீடுகள் உண்டு; ஏற்கெனவே எண்ணியவை போக அதில் 21 நாள். கூட்டினால் 134. மலைக்கோயிலின் படிகள் வருடத்தின் நாட்களைப் போல 365. அதில் 134 நாள், அதாவது நூற்றுக்கு 37, அந்த வீட்டுப் பூனைக்கு விழுவது தயிர்சாதம். விரதம் மனிதருடையது, அதை மதிக்கிறேன். ஆனால் பூனைக்கு விரதம் இருக்க உடம்பில் வழி இல்லை என்பதை எண்களே சொல்கின்றன.

100 கிராம் சாதமும் 50 கிராம் தயிரும் பிசைந்தால் 160 கிலோ கலோரி கிடைக்கும். புரதம் 4.3 கிராம். 174 கிலோ கலோரி அளவுக்கே வைத்தாலும் புரதம் 4.7 கிராம்தான். அதே வழிகாட்டியின்படி இந்தப் பூனைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 14.5 கிராம் புரதம் வேண்டும். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. குறைவு 9.8 கிராம், 134 நாளுக்கு 1,313 கிராம். வருடத் தேவையே 5,293 கிராம் என்பதால், நாலில் ஒரு பங்கு காணாமல் போகிறது. தயிர்சாதத்தாலேயே அந்த 14.5 கிராமை எட்ட வேண்டுமென்றால் பூனை 540 கிலோ கலோரி தின்ன வேண்டும். தேவையைப் போல மூன்று மடங்கு. வயிறு தொங்குகிற, ஆனால் முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிற பூனைகளைத் தெருவில் பார்க்கிறோமே, குடற்புழு ஒரு காரணம் என்றால் இந்தச் சாப்பாடும் ஒரு காரணம்.

வேட்டையாடித் தின்னும் வீடற்ற பூனைகளின் உணவை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2011இல் பிரிட்டிஷ் ஊட்டச்சத்து ஆய்விதழில் வந்தது. அவற்றின் ஆற்றலில் 52 சதவீதம் புரதத்திலிருந்தும் 46 சதவீதம் கொழுப்பிலிருந்தும் வருகிறது. மாவுச்சத்திலிருந்து வெறும் 2. தயிர்சாதத்தில் புரதத்தின் பங்கு 10 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி அரிசி மாவு. இதற்கு மேல் டாரின் என்ற ஒன்று இருக்கிறது. பூனையின் உடம்பு அதைப் போதிய அளவு தயாரிக்காது. இறைச்சியிலோ மீனிலோ இருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் இதயத் தசை தளர்ந்து விரிந்துபோகும் என்பதையும், டாரின் கொடுத்தால் இதயம் தேறும் என்பதையும் 1987இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அரிசியில் டாரின் கிடையாது, பாலிலும் தயிரிலும் மிகச் சொற்பம். கோழியை வேகவைத்தால் டாரின் தண்ணீரில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் சேர்த்தே வையுங்கள். வெங்காயமும் பூண்டும் போட்ட குழம்புத் தண்ணீர் மட்டும் வேண்டாம், அவை பூனையின் ரத்த அணுக்களை அழிக்கும்.

இனி ரூபாய்க் கணக்கு. விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்ட முழு எண்கள். உங்கள் கடை விலையைப் போட்டுப் பாருங்கள். அரிசி கிலோ 60, பால் லிட்டர் 50 என்றால், மேலே சொன்ன 160 கிலோ கலோரி தயிர்சாதத்துக்கு ஆகும் செலவு 4 ரூபாய் 70 காசு. கலோரிக்குப் பார்த்தால் மலிவுதான். புரதத்துக்குப் பார்த்தால் கதை மாறுகிறது: கிராமுக்கு 1.09 ரூபாய். 7 ரூபாய் முட்டையில் 6.3 கிராம் புரதம், கிராமுக்கு 1.11. கிலோ 400 ரூபாய்க்கு வரும், 32 சதவீதம் புரதமுள்ள உலர் தீனியில் 1.25. மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பூனைக்குத் தயிர்சாதம்தான் கட்டுப்படியாகும் என்ற பேச்சு இந்த இடத்தில் நிற்காது. மலிவாகக் கிடைப்பது பூனைக்குத் தேவையில்லாத மாவு. பவுச்சில் வரும் ஈரத் தீனி தனி ரகம். 80 கிராம் பவுச்சு 50 ரூபாய், அதில் சுமார் 64 கிலோ கலோரி. அதை மட்டுமே வைத்தால் நாளொன்றுக்கு 136 ரூபாய் ஆகும். எல்லா வீட்டாலும் முடியாது.

அந்த 134 நாளை உலர் தீனியால் நிரப்பினால் ஒரு நாளைக்கு 52 கிராம், 20 ரூபாய் 80 காசு. 174 கிலோ கலோரித் தயிர்சாதத்துக்கு ஆகும் 5 ரூபாய் 10 காசைக் கழித்தால் வருடத்துக்குக் கூடுதல் செலவு சுமார் 2,100 ரூபாய், மாதத்துக்கு 175. தீனியிலும் கோழியும் மீனும் இருக்குமே என்று தயங்கும் வீடுகள் உண்டு. டப்பாவைத் திண்ணையில் வைத்து அங்கேயே போட்டுவிட்டால் அடுப்படிக்கு அது வரவே வேண்டியதில்லை. விலையில் ஒரு பங்கு வரி என்பதையும் சொல்ல வேண்டும்: 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது நாய், பூனைத் தீனி 18 சதவீத அடுக்கில் வைக்கப்பட்டது. அந்த விகிதத்தில் 400 ரூபாயில் 61 ரூபாய் வரிக்குப் போகிறது.

52 கிராம் என்று எங்கிருந்து வந்தது? நம் ஊரில் விற்கும் பல பாக்கெட்டுகளில் கலோரி அச்சிடப்படுவதில்லை. புரதம், கொழுப்பு, நார், ஈரம் என்று சதவீதங்கள் மட்டும் இருக்கும். அது போதும். புரதம் 32, கொழுப்பு 12, நார் 4, ஈரம் 10, சாம்பல் என்ற தாதுக்கள் 8 என்று வையுங்கள். சாம்பல் போடாத பாக்கெட்டுக்கும் 8 என்றே கொள்ளலாம். கூட்டினால் 66. நூறில் மிச்சம் 34 மாவுச்சத்து. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5ஆலும் கொழுப்பை 8.5ஆலும் பெருக்குங்கள்: 112, 119, 102. மொத்தம் 100 கிராமுக்கு 333 கிலோ கலோரி. 174ஐ 3.33ஆல் வகுத்தால் 52. இதற்காகவே கடையில் பிரித்துக் கவரில் கட்டித் தரும் சில்லறைத் தீனி வேண்டாம் என்கிறேன். கிலோவுக்குச் சில ரூபாய் மிச்சமாகலாம், ஆனால் கணக்குப் போட எழுத்தே இருக்காது.

அந்த 52 கிராமை எதால் அளப்பது என்பதில்தான் அதிகம் வழுக்குகிறது. நமக்கு ஆழாக்கும் டம்ளரும் கைக்குப் பழகியவை. தலைதட்டி அளந்தால் ஒன்று, குவித்து அளந்தால் ஒன்று. அரிசியில் அந்த வித்தியாசத்தை இன்னொரு ஆள் சாப்பிட்டுவிடுவார். பூனைக் கிண்ணத்தில் அது பூனையின் உடம்பில்தான் ஏறும். உலர் தீனியைக் கோப்பையால் அளப்பதை லிவர்பூல் பல்கலைக்கழகக் குழு 2011இல் சோதித்தது. சரியான அளவைவிட 18 சதவீதம் குறைவிலிருந்து 80 சதவீதம் கூடுதல் வரை பிழை வந்தது. அளவு சிறுக்கச் சிறுக்கப் பிழை பெருகியது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் 100 நாய் வளர்ப்போரை அளக்கச் சொன்னபோது, 48 சதவீதக் குறைவும் 152 சதவீத மிகுதியும்கூட வந்தன. 52ஐ இரண்டு வேளையாகப் பிரித்தால் பூனைக்கு ஒரு வேளைக்கு 26 கிராம். சிறிய அளவிலும் சிறியது அது.

கிண்ணத்தைச் சமையலறை மின்னணுத் தராசில் வைத்து, பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கி, எண் 26 காட்டும் வரை கொட்டுங்கள். ஒரு கிராம் துல்லியம் போதும். நாளுக்கு 5 கிராம் மட்டும் கூடினால் என்ன ஆகும்? 365 நாளில் 1.8 கிலோ தீனி, 730 ரூபாய், 6,077 கிலோ கலோரி. ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கிலோ கலோரி இருப்பதால், காகிதக் கணக்கில் பூனை 800 கிராம் ஏற வேண்டும். எடை கூடக் கூடச் செலவும் கொஞ்சம் கூடும் என்பதால் முழுதாக ஏறாது. பாதி ஏறினாலே மூன்றரைக் கிலோ உடம்புக்கு அது பாரம்.

இடையில் விழுவதையும் எழுதுங்கள். 50 மில்லி பால் என்றால் 30 கிலோ கலோரி, நாள் தேவையில் ஆறில் ஒரு பங்கு. வளர்ந்த பூனை பலவற்றுக்கு அது கழிச்சலும் தரும். ஒரு குளுக்கோஸ் பிஸ்கட் சுமார் 22. தின்பண்டம் நாள் கணக்கில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் வரம்பு. 174க்கு அது 17. ஒரே பிஸ்கட்டில் வரம்பு உடைகிறது. தெருவில் நான்கு வாசலில் சாப்பிடும் பூனைக்கோ எந்த வீட்டிலும் கணக்கு முடியாது. அந்த நான்கு வீட்டாரும் பேசி, ஆளுக்கு 13 கிராம் என்றோ, காலை ஒரு வீடு, மாலை ஒரு வீடு என்றோ பிரித்துக்கொள்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சரிபார்ப்பு பூனையின் எடையில்தான். அதைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். இளைக்க வைக்க வேண்டுமென்றால் வாரத்துக்கு ஒரு சதவீதம், அதாவது 35 கிராம் இறங்கினால் போதும். வீட்டு இயந்திரம் 100 கிராமுக்குக் கீழே காட்டாது என்பதால் மாதம் ஒருமுறை பாருங்கள். அவசரப்பட்டுப் பட்டினி போட்டுவிடாதீர்கள். பருத்த பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு அடைத்து உயிருக்கு ஆபத்தாகும். 52 கிராமிலிருந்து 47க்கு இறக்கி, ஒரு மாதம் கழித்து மறுபடி நிறுத்துப் பாருங்கள்.