ஊசிக்கு வழிகாட்டும் ஒலி

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் போடிநாயக்கனூர். ஏலக்காய் வாணிகத்தால் அது புகழ்பெற்றது. நாள்தோறும் விடியற்காலையில் ஆடவரும் மகளிருமாகத் தொழிலாளர் பலர் ஜீப்புகளில் ஏறி, போடிமெட்டு மலைச்சாலையின் வளைவுகளைக் கடந்து, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். நிழலும் ஈரமும் நிறைந்த அத்தோட்டங்களில் பாம்பு தீண்டுதல் உண்டு. மலைச்சாலையில் ஊர்தி கவிழ்தலும் உண்டு. 2018ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள், போடிக்கு அருகிலுள்ள குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டது. மலையேறச் சென்றிருந்தோருள் இருபதின்மருக்கு மேற்பட்டோர் அதனால் உயிர் இழந்தனர்.

இடர்கள் பலவாயினும், மருத்துவமனையில் உடனே செய்யவேண்டிய பணி ஒன்று இவற்றுக்கெல்லாம் பொதுவாகும். நோயாளியின் இரத்தக்குழாயில் ஊசியைச் செலுத்தி, மருந்து செல்ல வழி அமைத்தலே அது. பாம்பின் நஞ்சை முறிக்கும் மருந்தும், குருதி இழந்தோர்க்கு ஏற்றும் குருதியும், கடுந்தீக்காயமுற்றோர்க்கு வேண்டும் நீர்மங்களும் அவ்வழியாகவே உடலுக்குள் செல்கின்றன.

இப்பணியைப் பெரும்பாலும் செய்பவர் செவிலியர். அவர் நோயாளியின் கையை வாரால் இறுக்கிக் கட்டுவார். விரலால் தடவி, புடைத்தெழும் சிரையைக் கண்டு ஊசியைச் செலுத்துவார். ஆனால், குருதி மிகுதியாக வெளியேறியபோது, இதயத்துக்கும் மூளைக்கும் அது குறையாதிருத்தற்பொருட்டு, உடல் தோலுக்குச் செல்லும் குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. சிரைகளும் ஒடுங்கிக் கண்ணுக்கும் விரலுக்கும் புலப்படாமற் போகின்றன. விரைவு மிக வேண்டிய வேளையிலேயே வழி மறைந்துவிடுகிறது.

அவ்வேளையில் துணை செய்வது மீயொலி. மனிதரின் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே கேட்கும். அதற்கு மேற்பட்டது மீயொலி எனப்படும். வௌவால் இவ்வொலியை எழுப்பி, அதன் எதிரொலியால் இருளில் வழி அறிகிறது. 1958இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் அயன் டொனால்டும் அவர்தம் துணைவரும், இம்முறையால் உடலின் உட்புறத்தைப் படமாகக் காணலாம் என்பதை வெளியிட்டனர்.

காற்று இடையே நின்றால் ஒலி உடலுட் புகாது. ஆதலின் செவிலியர் தோலின்மேல் கூழைத் தடவி, அதன்மேல் கருவியை வைக்கிறார். இரத்தக்குழாய்கள் திரையில் கரிய வட்டங்களாகத் தோன்றுகின்றன. அவற்றுள் சிரை எது, தமனி எது? கருவியால் மெல்ல அழுத்தினால் சிரை அமுங்கிவிடும். தமனியோ எளிதில் அமுங்காது துடித்துக்கொண்டிருக்கும். இவ்வாறு சிரையைத் தெளிந்தபின் செலுத்தும் ஊசி, ஒளிரும் வெண்புள்ளியாய்த் திரையில் காட்சியளிக்கிறது.

எனினும், கருவி மட்டும் போதாது. அவ்வெண்புள்ளி ஊசியின் நுனியாகவும் இருக்கலாம், இடைத்தண்டாகவும் இருக்கலாம். தண்டை நுனியென மயங்கினால், ஊசி சிரையைத் துளைத்து அப்பாற் சென்றுவிடும். ஆகவே, கண் திரையில் நிற்க, கை அதற்கேற்ப இயங்கப் பலகாலும் பழகுதல் வேண்டும். பல நாடுகளில் செவிலியர் இப்பயிற்சியைப் பெற்றுத் தாமே இப்பணியைச் செய்து வருகின்றனர்.

சிரை தெளிவாகத் தெரியும் நோயாளிக்கு இக்கருவி வேண்டுவதில்லை. பழகிய விரலே போதும். விரல் கைவிடும் இடத்திலேதான் ஒலி கைகொடுக்கிறது. மலையிலிருந்து நெடுவழி கடந்து வந்த ஒருவரின் உயிர், எஞ்சிய அந்தச் சிறுவழி திறக்கும் விரைவைப் பொறுத்தே நிற்றலும் உண்டு.