உலகம் சூடாகிறதென்றால் அமெரிக்காவில் ஏன் இந்தக் குளிர்?

அமெரிக்கப் பனிப்பொழிவுக் காணொளிகள் பகிரப்படும்போதெல்லாம் இந்தக் கேள்வியை என்னிடம் யாராவது கேட்டுவிடுவார்கள். 2019 ஜனவரி இறுதியில் அன்றைய ஜனாதிபதி ட்ரம்பும் இதே தொனியில் ட்விட்டரில் கேலி செய்திருந்தார்.

அந்த வாரம் மினசோட்டா, விஸ்கொன்சின், இலினோய் மாநிலங்களில் முதலில் பனி கொட்டியது. பிறகு குளிர் இறங்கியது. ஜனவரி 30 ஆம் திகதி சிக்காகோவில் மைனஸ் 30 பாகை செல்சியஸ்! நம் வீட்டு பிரீசரே மைனஸ் 18 பாகைதான். காற்றும் சேர்ந்து வீசியதால், மூடாத தோல் சில நிமிடங்களிலேயே உறைந்துவிடும் என எச்சரித்தார்கள். பல இடங்களில் தபால் விநியோகம் நின்றது. வீடற்றவர்கள் ஒதுங்குவதற்காக மாநகர பஸ்களைச் சூடேற்றி நிறுத்தி வைத்தார்கள். அப்படியிருந்தும் அந்த வாரத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததாகச் செய்திகள் வெளியாகின.

வட துருவத்துக்கு மேலே, மிக உயரத்தில், குளிர்காலம் முழுவதும் பெரும் காற்றுச்சுழல் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். கடுங்குளிரைப் பெரும்பாலும் அதுவே துருவத்தோடு கட்டி வைத்திருக்கிறது. அவ்வருட ஜனவரித் தொடக்கத்தில் அந்த உயரத்தில் திடீரென வெப்பம் கூடியதால் சுழல் பிளந்தது. மாத இறுதியில் அதன் ஒரு துண்டு தெற்கே நழுவி வந்தது.

ஆக, குளிர் புதிதாக உண்டாகவில்லை, இடம்தான் மாறியது. அதே ஜனவரியில் அவுஸ்திரேலியா, தான் பதிவுசெய்த மாதங்களிலேயே மிக வெப்பமான மாதத்தைக் கண்டது. அதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை.