திருகோணமலையிலே தேனிலவு

தேனிலவு என்னுஞ் சொல் நம் பாட்டனார் காலத்து வழக்கில் இல்லை. திருமணம் முடிந்தால் நாலாஞ் சடங்கு உண்டு. இரு வீட்டிலும் விருந்து உண்டு. பெரியோரைக் கண்டு வணங்கி வருவதும் உண்டு. புதுமணத் தம்பதிகள் தாமாகவே பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படுவதென்பது அன்று எவரும் நினைத்தும் பாராத காரியம். 1961 இல் ஸ்ரீதரின் ‘தேன் நிலவு’ திரைப்படம் காஷ்மீரத்து ஏரியையும் படகையும் நம் ஊர்க் கொட்டகைகளுக்குக் கொண்டுவந்து காட்டியபோது, சொல்லோடு ஆசையும் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது.

காஷ்மீரம் எங்கே, நாம் எங்கே! ஆயினும் நமக்கென்று ஒரு திருகோணமலை இருக்கிறது. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் அங்கே உல்லாசமாகப் போய்வருதல் நம்மவரிற் பலருக்குக் கனவாகவே இருந்தது. இன்று மணமுடிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் பலர் தம் இளமையில் நிலாவெளி மணலை மிதித்தவரல்லர். அதனாற்போலும், பிள்ளைகள் போகிறார்களென்றதும் தாம் தவறவிட்டவற்றையெல்லாம் அந்த ஒரே பயணத்தில் அடக்கிவிட முனைகிறார்கள்.

நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் திருமண அழைப்பிதழோடு ஒரு தாளையும் கொண்டுவந்து காட்டினார். அவருடைய அத்தான் அன்போடு எழுதிக் கொடுத்த நிகழ்ச்சி நிரல் அது. மூன்று நாட்களுக்குப் பதினான்கு இடங்கள். அதிகாலையிற் கோணேசர், அடுத்துக் கன்னியா, அது முடியுமுன் புறாத்தீவு, மறுநாள் மூதூரிலே பெரியம்மா வீட்டில் மதிய போசனம், இடையிடையே படம் எடுப்பதற்கும் நேரம் குறிக்கப்பட்டிருந்தது. திருமணமோ தை மாதத்து முதல் வாரத்தில். தாளிலே கடல் இருந்தது, காற்று இல்லை.

நாம் கேட்ட முதற் கேள்வி, “தம்பி, இது பெண்ணுக்குத் தெரியுமோ?” என்பதே. “இல்லை, சேர்” என்றார்.

பெண்ணின் கதைக்குப் பின்னர் வருவோம். முதலிற் காற்றைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் திருகோணமலையில் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதைத் தீர்மானிப்பது அதுவே. நம் தீவுக்குப் பருவக்காற்று இரண்டு. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று காலியையும் கொழும்பையும் நனைத்து, மத்திய மலைநாட்டிலே தன் ஈரத்தை இழந்து, கிழக்கே வரும்போது உலர்ந்த காற்றாகிவிடுகிறது. கிழக்குக் கரையார் இதனைக் கச்சான் என்பர். தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் அலை அடங்கிக் கிடக்கும். வாடைக் காற்றோ இதற்கு நேர்மாறு. ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரை கடலிலிருந்து கரையை நோக்கி வந்து, மழையையும் அலையையும் ஒருங்கே கொண்டுவந்து கொட்டும்.

இனி நம் முகூர்த்த மாதங்களை எடுத்துப் பாருங்கள். வைகாசி, ஆனி, ஆவணி மூன்றும் கடலுக்கு உகந்தவை. ஆடியிற் கடல் குளம்போலக் கிடக்கும். ஆனால் ஆடியில் நமக்குக் கல்யாணம் இல்லை! தையிலோ கல்யாணத்துக்குக் குறைவில்லை. வாடையின் சீற்றந்தான் இன்னும் தணிந்திருக்காது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது தரைவழிக்குப் பொருந்துமேயன்றி நிலாவெளிப் படகுக்குப் பொருந்தாது. தையில் மணமுடித்து உடனே கடலாட வேண்டுமென்போர் உனவட்டுனைக்கோ ஹிக்கடுவைக்கோ போகலாம். அங்கே அப்போதுதான் கடல் அமைதியாயிருக்கும். திருகோணமலையே வேண்டுமென்போர் நான்கு மாதம் பொறுத்து வைகாசியிற் போகலாமே! திருமணத்துக்குத்தான் முகூர்த்தம் பார்க்க வேண்டும். தேனிலவுக்கு யார் பார்க்கச் சொன்னார்கள்?

கச்சான் காலத்திலும் ஓர் எச்சரிக்கை உண்டு. அலை இல்லாத கடல் ஆபத்தில்லாத கடலன்று. காற்று தரையிலிருந்து வீசுகிறதென்றோம். காற்றடைத்த மிதவையிலே சாய்ந்து கண்ணை மூடுபவரை அது சத்தமின்றி ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். நீந்தத் தெரியாதவர் இடுப்பளவு நீருக்கு அப்பாற் செல்லாதிருப்பதே நல்லது. புது மனைவிக்கு முன் வீரங் காட்டக் கடலைப்போலப் பொருத்தமற்ற இடம் வேறில்லை.

நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் இருக்கின்றது புறாத்தீவு. புறாமலை என்பதே ஊரார் வழக்கு. மாடப்புறாக்கள் அதன் பாறைகளில் அடைவதால் வந்த பெயர். ஆங்கிலேயர் காலத்தில் இந்தச் சிறு தீவைக் குறியாக வைத்துப் பீரங்கிப் பயிற்சி செய்தார்களாம்! 1963 இல் அது சரணாலயமாயிற்று. 2003 இல் தேசியப் பூங்காவாயிற்று. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டைப் பெற்றுக்கொண்டு படகேற வேண்டும். காற்று எழுவதற்கு முன், காலையிலேயே போய்விடுதல் உத்தமம். தண்ணீரும் அப்போதுதான் கண்ணாடியாக இருக்கும். கண்ணுக்கு முகமூடியும் மூச்சுக்குக் குழாயும் அணிந்து நீரிலே முகத்தைப் புதைத்தால் நூற்றுக்கணக்கான வகை மீன்களும், சிலவேளை துடுப்பு முனை கறுத்த சிறு சுறாக்களும் கீழே போவதைக் காணலாம். இச்சுறாக்கள் கூச்சமுள்ளவை, மனிதரைக் கண்டு விலகிச் செல்பவை.

அங்குள்ள பவளப் பாறையைக் கல்லென்று எண்ணிப் பலர் அதன்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது கல்லன்று, கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய வீடு. மேற்றோலில் வாழ்வதே அவ்வுயிர். ஒரு பாதம் பட்டால் அவ்விடம் நசுங்கி மாயும். மீண்டும் வளர வருடங்கள் ஆகும். ஓர் ஆண்டுக்குச் சில மில்லிமீற்றரே வளரும் பவளமும் உண்டென்றால் மேலுஞ் சொல்ல வேண்டுமோ? காலை மிதக்க விட்டு, கையை இழுத்துக்கொண்டு பார்ப்பவரே நல்ல விருந்தாளி.

பட்டினத்துக்கு வந்தால் நடந்தே பார்க்கக்கூடிய ஓர் அதிசயம் உண்டு. திருகோணமலை நகரம் ஒடுங்கிய தரைக்கழுத்தில் அமைந்தது. ஒரு பக்கம் வெளிக்கடல், மறுபக்கம் உள்துறைமுகம். வாடைக் காலத்தில் ஒரு கரையிலே அலை முழங்குவதைக் கேட்டுவிட்டுச் சில நிமிடம் நடந்தால், மறு கரையிலே நீர் அசையாமற் கிடப்பதைக் காணலாம். இந்த அமைதிக்காகவே போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரான்சியரும் ஆங்கிலேயரும் இதன்மேற் கண் வைத்தனர். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் இதற்காகவே. ஆங்கிலக் கடற்படை 1957 இல் தளத்தைக் கையளித்தது. தையிற் போய்க் கடலாட முடியாமற் போனவர்க்கு இந்த மாலை நடையே போதுமான ஆறுதல்.

கோணேசர் கோவிலுக்கு எவரும் நாம் சொல்லாமலே போவர். பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் மனிதரைப் பொருட்படுத்தாது மேய்ந்து திரிய, அவற்றினூடே சுவாமி மலைக்கு ஏறும் வழி செல்கிறது. சம்பந்தர் பாடிய தலம். 1624 இல் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களையே கோட்டைக்குப் பயன்படுத்தினர். 1956 இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் மலையடிக் கடலில் மூழ்கிப் பழைய கோவிலின் சிதைவுகளைக் கண்டனர். 1963 இல் இன்றைய கோவிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. கிடுகிடு பாதாளமாகக் கடல் தெரியும் அந்த விளிம்பிலே, காதலன் கப்பலேறிப் போவதைக் கண்டு பிரான்சினா என்னும் ஒல்லாந்தப் பெண் பாய்ந்து உயிர்விட்டாளென்று ஒரு கதை வழங்குகின்றது. வழிகாட்டிகள் இதை உருக்கமாகச் சொல்வார்கள். ஆனால் பழைய ஒல்லாந்தப் பதிவுகளைத் தேடியவர்களோ, அவள் பின்னர் வேறொருவரை மணந்து வாழ்ந்தாளென்று கண்டனராம். புதுமணத் தம்பதிகளுக்கு இந்த இரண்டாவது முடிவே நமக்குப் பிடித்தது.

கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் பலர் நிரலிற் சேர்க்கிறார்கள். ஒன்றின் சூடு மற்றொன்றில் இல்லை. மொண்டு ஊற்றிக் குளிப்பது இதமே. ஆயினும் இராவணன் தன் தாய்க்கு இறுதிக் கடன் செய்த இடமென்பது ஐதிகம். இன்றும் பிதிர்க்கடன் செய்வோர் வந்து போகும் இடம். ஆரவாரமின்றிக் குளித்து வருவதே முறை.

அந்த மாணவரின் கதைக்கு வருவோம். அவர் தாளைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். அவள் எழுதுகோலை எடுத்துப் பதினான்கில் பத்தை அடித்துவிட்டு, ஓரிடத்தைப் புதிதாகச் சேர்த்தாளாம்: கிண்ணியாப் பாலம். 2009 இல் திறக்கப்பட்ட, 396 மீற்றர் நீளமான பாலம் அது. அதற்கு முன்பு பாதையிலே, அதாவது இயந்திரத் தெப்பத்திலே, காத்திருந்து கடக்க வேண்டிய இடம். சிறுமியாக அவள் தந்தையோடு அவ்வாறு கடந்தவள். தந்தை இப்போது இல்லை. நிச்சயம் செய்து ஆறு மாதமாகியும் மாப்பிள்ளைக்கு இது தெரிந்திருக்கவில்லை. பயணத்தை ஆனிக்குத் தள்ளிவைத்தார்கள். அத்தானுக்குச் சற்று மனத்தாங்கல்தான்.

பெரியம்மா வீட்டு விருந்தை மட்டும் அவள் அடிக்கவில்லை. கிண்ணியாவைக் கடந்துதானே மூதூருக்குப் போகவேண்டும்! ஆனால் கடைசி நாளுக்கு மாற்றினாள். முதல் நாளிலே உறவினர் வீட்டுக்குப் போனால் அடுத்த வீட்டுக்காரரும் அழைப்பார். மறுத்தாற் குறை, போனால் நாள் போயிற்று. கடைசி நாளிற் போனால் வண்டிக்கு நேரமாயிற்று என்று மரியாதையோடு எழுந்துவிடலாம். கையிலே ஒரு சட்டி எருமைத் தயிரும் கட்டிக் கொடுத்து அனுப்புவார்கள்.