பிளாஸ்மா கட்டர்: டிப்பும் எலக்ட்ரோடும் அறிந்து வாங்குவோம், நீண்ட நாள் உழைக்க வைப்போம்

 

பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஊர்களில் மீன்பாடு ஆண்டு முழுவதும் சீராக இருப்பதில்லை. அதனால் நம் ஜமாஅத்துப் பிள்ளைகளும் குப்பத்துப் பிள்ளைகளும் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, காட்டுப்பள்ளி, எண்ணூர்ப் பக்கம் வெல்டிங் வேலைக்குப் போகிறார்கள். தொழில் கைவந்தபின் சொந்தப் பட்டறை போட நினைத்து, பிளாஸ்மா கட்டர் வாங்க வட்டியில்லாக் கடன் கேட்டு வருகிறார்கள். அவர்களிடம் நாம் முதலில் கேட்பது, "மாதம் எத்தனை டிப் செலவாகும் என்று கணக்குப் போட்டீர்களா?" என்பதுதான். இயந்திரத்துக்கு ஒருமுறை பணம் கொடுத்தால் போதும். டிப்புக்குத் தினமும் கொடுக்க வேண்டும். இதைக் கணக்கில் சேர்க்காதவருக்கு மாதத் தவணை பாரமாகிவிடும்.

பிளாஸ்மா ஏன் தேவைப்படுகிறது?

உப்புக்காற்றில் சாதாரண இரும்பு நிற்காது. எனவே கடலோர வேலைகளில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அலுமினியமும் அதிகம் கேட்கப்படுகின்றன. கேஸ் கட்டிங் இரும்பை ஆக்சிஜனில் எரித்து அறுப்பது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் உள்ள குரோமியம் அந்த எரிதலைத் தடுத்துவிடும். பிளாஸ்மா உலோகத்தை உருக்கி, வேகமான காற்றால் ஊதித் தள்ளுகிறது. மின்சாரம் பாயும் எந்த உலோகத்தையும் அறுக்கும். அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் கேஜ் 1957-ல் காப்புரிமை பெற்ற முறை இது.

டார்ச்சுக்குள் என்ன இருக்கிறது?

தேயும் பாகங்கள் முக்கியமாக ஐந்து. எலக்ட்ரோடு என்பது செம்புத் துண்டு. அதன் முனை நடுவில் ஹாஃப்னியம் என்ற உலோகப் பொட்டு பதித்திருக்கும். ஆர்க் அங்கிருந்துதான் புறப்படுகிறது. நாசில் அல்லது டிப் என்பது ஆர்க்கை ஒடுக்கி அனுப்பும் சிறு துளையுள்ள செம்பு மூடி. இரண்டுக்கும் இடையே காற்றைச் சுழலவிட்டு ஆர்க்கை நடுவில் நிறுத்துவது சுழல் வளையம். எல்லாவற்றையும் பிடித்து வைப்பது வெளி மூடி. டிப்பின் முன்னால் நின்று காப்பது ஷீல்டு.

செம்பு 1,085 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஆர்க்கின் வெப்பமோ அதைப்போல் பல மடங்கு. அப்படியிருந்தும் டிப் உருகாமல் இருப்பது சுழன்று ஓடும் காற்றால்தான். காற்று குறைந்தாலும், அதில் நீரோ எண்ணெயோ கலந்தாலும் டிப் அழியும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் டார்ச்சின் வகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பி.டி. 31, ஏ.ஜி. 60, பி. 80 எனப் பல வகைகள் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் ஒன்றின் பாகம் மற்றொன்றில் சரியாக உட்காராது. கடைக்குப் போகும்போது பழைய எலக்ட்ரோடையும் டிப்பையும் கையோடு கொண்டுபோவது நல்லது.

இரண்டாவது, ஆம்பியர். 40 ஆம்பியர் டிப்பைப் போட்டு 60 ஆம்பியரில் அறுத்தால் துளை உடனே அகன்றுவிடும்.

மூன்றாவது, கண்ணால் சோதியுங்கள். டிப்பின் துளை வட்டமாக, சரியாக நடுவில் இருக்க வேண்டும். ஓரத்தில் பிசிறு கூடாது. ஹாஃப்னியம் பொட்டு நடுவில், இடைவெளியின்றிப் பதிந்திருக்க வேண்டும். மரை இழுபடாமல் கையாலேயே ஏற வேண்டும்.

நான்காவது, புதிய கடையிலோ புதிய பிராண்டிலோ ஒரேயடியாக 50 டிப் வாங்காதீர்கள். இரண்டு ஜோடி வாங்கி ஓட்டிப் பார்த்த பிறகு மொத்தமாக வாங்குங்கள். பில் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாத சரக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனால் கேட்பாரில்லை.

விலை குறைந்ததெல்லாம் லாபமல்ல. ஒரு கணக்குக்கு, 60 ரூபாய் ஜோடி ஒரு நாள் வருகிறது, 150 ரூபாய் ஜோடி மூன்று நாள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 வேலை நாளுக்கு முதலாவது 1,500 ரூபாய், இரண்டாவது 1,250 ரூபாய். இதோடு, தேய்ந்த டிப்பால் கோணலாக அறுபட்ட தகட்டைக் கிரைண்டிங் செய்யும் நேரத்தையும், வீணாகும் ஸ்டெயின்லெஸ் தகட்டையும் சேர்த்துப் பாருங்கள். எது மலிவு என்பது விளங்கும்.

நம் ஊரில் முதல் எதிரி ஈரம்

ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறோம். நாம் சுவாசிக்கும் ஈரக்காற்றைத்தான் கம்ப்ரசரும் இழுக்கிறது. அழுத்தப்பட்டுக் குளிரும்போது அந்த ஈரம் டேங்க்கில் தண்ணீராக இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இன்னும் கூடும். அந்தத் தண்ணீர் டார்ச்சுக்குள் போனால் ஆர்க் வெடித்து வெடித்து எரியும். எலக்ட்ரோடு விரைவில் குழிந்துவிடும்.

எனவே தினமும் வேலை தொடங்குமுன்னும், மழைக்காலத்தில் நடுவிலும், டேங்க்கின் அடிவால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். கட்டருக்கு அருகில் நீர் பிரிக்கும் ஃபில்டரும், முடிந்தால் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டிரையரும் பொருத்துங்கள். ஜெல் நிறம் மாறினால் உலர்த்துங்கள் அல்லது மாற்றுங்கள். ஆர்க் இல்லாமல் காற்றை மட்டும் திறந்து டார்ச்சின் முன் வெள்ளைத் துணியைப் பிடித்துப் பாருங்கள். ஈரமோ எண்ணெய்க் கறையோ தெரிந்தால் அதைச் சரிசெய்யாமல் புது டிப் போட வேண்டாம்.

காற்றழுத்தத்தைக் காற்று ஓடும்போதுதான் அளக்க வேண்டும். நின்றிருக்கும்போது சரியாகக் காட்டும் மீட்டர், ஓடும்போது இறங்கிவிடலாம். எவ்வளவு அழுத்தம் என்பதைக் கையேட்டில் பார்த்து வையுங்கள்.

கைப்பழக்கம்

ஒவ்வொரு முறை ஆர்க் பிடிக்கும்போதும் ஹாஃப்னியம் சிறிது தேய்கிறது. எனவே வெறுமனே ஆகாயத்தில் டிரிகரை அழுத்திப் பார்க்க வேண்டாம். துண்டு துண்டாக நிறுத்தி அறுப்பதைவிட ஒரே ஓட்டமாக அறுப்பது மேல்.

முடிந்தவரை தகட்டின் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். நடுவில் துளையிட வேண்டியிருந்தால் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஆரம்பித்து, மெல்ல நிமிர்த்துங்கள். நேராக வைத்தால் உருகிய உலோகம் திரும்பத் தெறித்து டிப்பை அடைக்கும்.

ஷீல்டு இல்லாத டிப்பைத் தகட்டில் உரசாதீர்கள். 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். அறுத்து முடித்ததும் ஆர்க்கைத் தகட்டுக்கு வெளியே இழுக்காமல் டிரிகரை விடுங்கள். காற்று தானாக நிற்கும்வரை காத்திருங்கள். டிப் குளிர்வது அந்தச் சில நொடிகளில்தான்.

எப்போது மாற்றுவது?

ஹாஃப்னியத்தில் குழி 1 மில்லிமீட்டரைத் தாண்டினால் புது எலக்ட்ரோடைத் தயாராக வையுங்கள். சுமார் 1.5 மில்லிமீட்டர் ஆனால் மாற்றிவிடுங்கள். கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். டிப்பின் துளை முட்டை வடிவமானாலும் மாற்ற வேண்டும். இரண்டையும் ஜோடியாக மாற்றுவதே நல்லது; குழிந்த எலக்ட்ரோடு புது டிப்பையும் கெடுக்கும். அளவுக்கு மீறி ஓட்டினால் டார்ச்சின் தலையே போய்விடும். பத்து டிப்பில் மிச்சம் பிடித்த பணம் ஒரு டார்ச்சுக்குப் போதாது.

சுழல் வளையத்தில் கீறலோ அடைப்போ இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். பாகங்களை உப்புக்காற்றில் திறந்து வைக்காமல் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். சுவரில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டு, ஜோடி மாற்றிய தேதி, கடை, பிராண்டு, எத்தனை நாள் வந்தது என்று எழுதுங்கள். இரண்டே மாதத்தில் எந்தக் கடைச் சரக்கு நல்லது என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.

உயிரைவிடப் பெரிய லாபமில்லை

பாகம் மாற்றுமுன் மெயின் சுவிட்சை அணையுங்கள். டார்ச்சில் வருவது 200 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்சாரம். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். ஸ்டெயின்லெஸ் புகை நுரையீரலுக்குக் கேடு. காற்றோட்டமும் முகமூடியும் அவசியம். படகின் டீசல் டேங்க்கோ, மூடிய டிரம்மோ அறுக்கக் கொண்டுவந்தால், காலியாகத்தானே இருக்கிறது என்று கை வைக்காதீர்கள். உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். கூலி எவ்வளவு தந்தாலும் அந்த வேலையைத் திருப்பி அனுப்புங்கள்.

நம் பிள்ளைகள் கைத்தொழிலால் ஹலாலாகச் சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்க வேண்டும் என்பதே நம் விருப்பம். கடன் விண்ணப்பத்துடன் ஒரு மாத டிப் செலவுக் கணக்கையும் எழுதி வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து பேசுவோம்.